ரயிலுக்குப் போகும் வழி: ஒரு சீசன் பயணியின் மதிப்பீடு

எங்கள் நிலையத்தில் காலை ரயிலுக்கு வருபவர்களில் கணிசமானோர் பயணச்சீட்டு ஜன்னலுக்குப் போவதற்கு முன் ஒரு வேலை செய்வார்கள். மேடையின் ஓரத்தில் உள்ள குழாயடியில் நின்று, சேறு அப்பிய இறப்பர் செருப்பைக் கழற்றிக் காலைக் கழுவி, ஷொப்பிங் பேக்கில் சுற்றிக் கொண்டுவந்த சப்பாத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு, செருப்பை அதே பையில் முடிந்து, பெட்டிக்கடையின் பின்பக்கப் பலகையில் அடித்திருக்கும் ஆணிகளில் மாட்டிவிட்டுப் போவார்கள். மாலையில் இறங்கும்போது அவரவர் பை அவரவர் ஆணியில் இருக்கும். கடைக்கார அக்கா இதற்குக் காசு வாங்குவதில்லை. பிளேன்டீ குடிக்காமல் போனால் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். நிலையத்துக்கு வரும் வழி எப்படி இருக்கிறது என்று அறிய விரும்புகிறவர் அந்தப் பைகளை எண்ணினால் போதும். வழியைச் செப்பனிடுவதற்கு முன் ஒரு மழைக்காலக் காலையில் எண்ணியபோது 34 இருந்தன. சென்ற புதன்கிழமை 21.

அந்த 13 பைகள் குறைந்ததற்கான பாராட்டும், மீதி 21 பைகள் தொங்குவதற்கான காரணமும்தான் இந்த மதிப்பீடு. இலங்கையின் மலைநாட்டில், நாவலப்பிட்டிக்கும் அட்டனுக்கும் நடுவே உள்ள சிறு நிலையம் ஒன்றிலிருந்து கம்பளைக்கு 7 வருடங்களாகச் சீசன் டிக்கெட்டில் வேலைக்குப் போய்வருகிறேன். ஒன்றரை வருடத்துக்கு முன் இந்த நிலையத்துக்கு வரும் வழிகள் திருத்தப்பட்டன. கொங்கிரீட் நடைபாதை, கைப்பிடி வைத்த படிக்கட்டு, பஸ் திரும்பி நிற்க ஓர் இடம், சைக்கிள் நிறுத்தும் இரும்புச் சட்டம், சில மின்விளக்குகள் என்று ஐந்து வேலைகள் நடந்தன. திறந்த அன்று எழுதியிருந்தால் முழுப் புள்ளி கொடுத்திருப்பேன். ஆனால் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் நாட்டிலேயே அதிக மழை பெறும் பகுதி. ஆண்டு மழை 5000 மில்லிமீற்றரைத் தாண்டும் இடங்கள் இங்கே உண்டு. இரண்டு தென்மேற்குப் பருவமழையைக் கடந்த பின் எழுதுவதே நியாயம் என்று காத்திருந்தேன். நிலையத்தின் பெயரை எழுதவில்லை. அங்கே கடமையிலிருக்கும் மூன்று நான்கு பேரை நோக்கி விரல் நீட்டுவது என் நோக்கமன்று. பக்கத்து ஊர்க்காரருக்குப் பெயர் சொல்லாமலே விளங்கும்.

குறைகளைச் சொல்வதற்கு முன், இந்த நிலையம் ஏன் இப்படி எட்டாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். ரயில் பாதை 1867இல் கண்டிக்கும் 1874இல் நாவலப்பிட்டிக்கும் 1884இல் அட்டனுக்கும் அடுத்த ஆண்டு நானுஓயாவுக்கும் வந்து, 1924இல்தான் பதுளையை எட்டியது. முதலில் கோப்பியையும் பிறகு தேயிலைப் பெட்டிகளையும் கொழும்புக்கு இறக்குவதற்காகப் போடப்பட்ட பாதை இது. ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் விலகுவதற்குச் சமதரை எங்கே கிடைத்ததோ, தோட்டத்து வண்டிப் பாதை எங்கே வந்து சேர்ந்ததோ, அங்கேயே நிலையங்கள் அமைந்தன. ஆட்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்பது அன்றைய கணக்கில் பெரிதாக இடம்பெறவில்லை. அதனால்தான் எங்கள் சிறு நகரமும் பஸ் வீதியும் பள்ளத்தில் கிடக்க, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் மலைச்சரிவில் தொங்க, நிலையம் மட்டும் இரண்டுக்கும் நடுவே ஒரு திட்டில் தனியாக நிற்கிறது.

இந்த வரலாற்றில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. மலையேறும் இந்தப் பாதையின் மிகச் செங்குத்தான ஏற்றமே 44க்கு 1 என்ற அளவுதான். அதாவது 44 மீற்றர் முன்னே போனால் 1 மீற்றர் உயரும். இரும்புச் சக்கரம் இரும்பின் மேல் அதற்கு மிஞ்சி ஏறுவது கடினம் என்பதால், பாதை மலையை நேராக ஏறாமல் சரிவைச் சுற்றிச் சுற்றி வளைந்து போகிறது. மேசன் வேலை செய்யும் என் தம்பியை ஒரு ஞாயிற்றுக்கிழமை நீர்மட்டக் குழாயோடு அழைத்துப்போய் லயத்திலிருந்து இறங்கும் தோட்டத்து வீதியை அளந்து பார்த்தேன். 8 மீற்றருக்கு 1 மீற்றர் வந்தது. ஒரு வளைவில் 6 மீற்றருக்கே 1 மீற்றர். ஆக, எங்கள் ஊரிலேயே மூச்சு வாங்காமல் நடக்கக்கூடிய ஒரே பாதை தண்டவாளம்தான். பாடசாலைப் பிள்ளைகள், கொழுந்துக்குப் போகும் பெண்கள், மூட்டு வலிக்காரர்கள், சீமெந்து மூட்டை சுமப்பவர்கள் எல்லோரும் அதில் நடப்பதற்குக் காரணம் சட்டம் தெரியாதது அன்று. தண்டவாளத்தில் நடப்பது குற்றம் என்ற அறிவித்தல் பலகை நிலையத்தின் இரண்டு முனைகளிலும் நிற்கிறது. எல்லோரும் அதைக் கடந்துதான் நடக்கிறார்கள். எல்ல நிலையத்துக்கும் தெமோதரைக்கும் இடையே ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க உல்லாசப் பயணிகள் தண்டவாளத்தில் நடப்பது படமாக உலகம் சுற்றுகிறது. நாங்கள் சோற்றுப் பெட்டியோடு அதைத் தினமும் செய்கிறோம்.

இது ஆபத்து என்று எங்களுக்கும் தெரியும். அட்டன் பக்கமிருந்து இறங்கி வரும் ரயில் இயந்திரத்தை முடுக்காமல் சரிவில் உருண்டே வருவதால் சத்தம் குறைவு. மழை தகரக் கூரையில் அடிக்கும் நாளில், வளைவு ஒன்றில் பனிமூட்டம் இறங்கியிருந்தால், ரயிலைக் காதால் அறிய முடியாது. கண்ணால் அறியும்போது கிட்ட வந்திருக்கும்.

ஆகையால் நான் இந்தத் திருத்த வேலைகளை அளக்கும் கோல் ஒன்றே: தண்டவாளத்தளவு சமமான இன்னொரு வழியை அவை தருகின்றனவா? அதைத் தந்தால் பலகை இல்லாமலே ஆட்கள் தண்டவாளத்தை விட்டு இறங்கிவிடுவார்கள். தராவிட்டால் எத்தனை பலகை நட்டாலும் பயனில்லை.

நடைபாதையைச் செய்தவர்களுக்கு இது விளங்கியிருக்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். லயங்களின் திசையில், ரயில்வே வேலிக்கு வெளியே, தண்டவாளத்துக்குச் சமாந்தரமாக ஏறத்தாழ அதே ஏற்றத்தில் 400 மீற்றர் தூரத்துக்குப் பாதை போட்டிருக்கிறார்கள். ஒன்றரை மீற்றர் அகலம். குடையோடு வரும் இருவர் ஒருவரையொருவர் இடிக்காமல் விலகலாம். கொங்கிரீட் ஈரமாக இருக்கும்போதே தும்புத்தடியால் குறுக்கே கீறி விட்டிருப்பதால், பாசி பிடித்த பின்னும் கால் வழுக்கவில்லை. மலைப்பக்கமாக வடிகான் வெட்டி, சரிவிலிருந்து வரும் தண்ணீரைப் பாதையின் மேல் விடாமல் திருப்பியிருக்கிறார்கள். பழைய தண்டவாளத் துண்டுகளை நட்டு அவற்றில் குழாயைப் பொருத்திய கைப்பிடி, யானை சாய்ந்தாலும் அசையாது. இவ்வளவு ஒழுங்காகச் செய்த வேலையை எங்கள் பக்கத்தில் நான் அதிகம் கண்டதில்லை.

அந்தப் பாதை 400ஆவது மீற்றரில், ஓடையின் மேல் ரயில் போகும் சிறு பாலமான ஒரு மதகின் முன்னால், எந்த அறிகுறியும் இல்லாமல் நின்றுவிடுகிறது.

மதகின் நீளம் சுமார் 12 மீற்றர். கீழே ஓடை. அதைக் கடக்கத் தண்டவாளத்தில் ஏறி, சிலிப்பர் கட்டைகளின் மேல் கால் வைத்துத்தான் போக வேண்டும். ரயில் வந்தால் ஒதுங்குவதற்கு இடமே இல்லாத ஒரே இடமும் அதுதான். மதகைத் தாண்டினால் லயம் வரை இன்னும் 500 மீற்றர். அந்தப் பக்கம் பாதையும் இல்லை, எனவே ஏறியவர்கள் ஏறியபடியே தண்டவாளத்தில் நடந்து விடுகிறார்கள். பாதுகாப்பான 400 மீற்றரைப் போட்டுவிட்டு, மிக ஆபத்தான 12 மீற்றரை விட்டுவைத்த கணக்கு எனக்கு முதலில் விளங்கவில்லை. விசாரித்தபோது விளங்கியது. மதகு ரயில்வே திணைக்களத்தினுடையது. மதகுக்கு அப்பால் உள்ள நிலம் தோட்டக் கம்பனியின் குத்தகையில் இருக்கிறது. பாதையைப் போட்டது உள்ளூராட்சி மன்றம். கீழே உள்ள பஸ் வீதிக்கோ இன்னொரு சொந்தக்காரர் உண்டு: ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு, சி, டி தர வீதிகள் மாகாணத்தின் பொறுப்பு. ஒரு பெண் லயத்திலிருந்து செருப்போடு புறப்பட்டு ரயிலில் சப்பாத்தோடு உட்காருவதற்குள் நான்கு சொந்தக்காரர்களின் நிலத்தை மிதிக்கிறார். நால்வரும் தங்கள் எல்லை வரை மட்டும் பொறுப்பு.

தோட்டப்புறத்துக்கு இது புதிதன்று. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குள் சபைப் பணத்தைச் செலவழிப்பதற்குத் தடையாகவே நெடுங்காலம் வாசிக்கப்பட்டது. வாக்குப் போட்டுத் தெரிவு செய்த சபை, வாக்குப் போட்டவரின் வாசலுக்கு ஒரு படி கட்டிக்கொடுக்க முடியாத நிலை. 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது மதகுக்கு அப்பால் போகச் சட்டம் இடம் கொடுக்கிறது என்பதால், பாதை அங்கே நிற்பதற்குப் பழைய காரணத்தைச் சொல்ல முடியாது. மதகின் ஓரமாக ஓர் இரும்பு நடைபாலத்தைத் தொங்கவிடவும் அடுத்த 500 மீற்றரைப் போடவும் ஒரு மேசையைச் சுற்றி நான்கு பேர் உட்கார வேண்டும். நான் பார்த்தவரை இன்னும் உட்காரவில்லை.

கீழ்ப்பக்கத்துப் படிக்கட்டைப் பற்றி என் கருத்து அவ்வளவு இனிப்பானதன்று. பஸ் வீதியிலிருந்து நிலையத்துக்கு 126 படிகள். வீதி வழியாக வளைந்து வந்தால் 1.4 கிலோமீற்றர் என்பதால், எவரும் படியையே தேர்ந்தெடுப்பார்கள். பழைய மண்படிகளின் மேலேயே கொங்கிரீட்டை ஊற்றியிருப்பதால் படிக்குப் படி உயரம் மாறுகிறது. ஒரு சாண் உயரத்துப் படிக்குப் பிறகு ஒன்றேகால் சாண், அதற்குப் பிறகு முக்கால் சாண். பகலில் கண் பார்த்துக்கொள்ளும். இருட்டில் கால் தன் பழக்கத்துக்கு இறங்கும், படி அங்கே இருக்காது. நடுவில் ஒரு வளைவில் வடிகானை மூடிய கொங்கிரீட் பலகைகளில் ஒன்று உடைந்து பல மாதமாகிறது. அதில் யாரோ ஒரு வாழைக் கன்றைச் செருகி வைத்திருக்கிறார்கள், அபாய அறிவிப்பாக. கன்று இப்போது நன்றாக வளர்கிறது. ஐந்து மின்விளக்குகளில் இரண்டு எரிகின்றன. மாலை ரயிலில் இறங்கும் பெண்கள் ஐந்தாறு பேராகச் சேர்ந்து, முன்னே ஒருவரும் பின்னே ஒருவரும் கைத்தொலைபேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு இறங்குவதே வழக்கம்.

படி ஏற முடியாதவர்களுக்காக மேடையின் முகப்பில் ஒரு சாய்தளம் கட்டியிருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது. பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் நுழைவதற்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வெளியாயின. சக்கர நாற்காலிக்குப் பொதுவாக ஏற்கப்படும் சாய்வு 12க்கு 1. எங்கள் சாய்தளம் 60 சென்ரிமீற்றர் உயரத்தை இரண்டரை மீற்றர் நீளத்தில் ஏறிவிடுகிறது, அதாவது 4க்கு 1 என்று வைத்துக்கொள்ளலாம். ஊன்றுகோலோடு நடக்கும் என் அம்மாவைக் கிளினிக்குக்கு அழைத்துப்போன நாளில் அதன் அடியில் நின்று மேலே பார்த்துவிட்டு, "புள்ள, இது ஏத்தமில்ல, ஏணி" என்றார். பக்கத்திலிருந்த பழைய இரண்டு படிகளில் ஏறித்தான் போனோம். ரயிலின் மிதிபலகைக்கும் மேடைக்கும் இடையே உள்ள உயரம் வேறு கதை. இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள்.

பஸ்ஸுக்கு வருகிறேன். திருத்த வேலையின்போது நிலைய வாசலுக்குக் கீழே ஒரு பஸ் திரும்புமளவு இடத்தை வெட்டிச் சமப்படுத்தியதால், நகரத்திலிருந்து வரும் சிறிய தனியார் பஸ் ஒன்று இப்போது மேலேயே வருகிறது. 126 படிகளிலிருந்து விடுதலை. இதற்காக மட்டும் அந்தத் திட்டத்தை வகுத்தவருக்கு ஒரு கும்பிடு போடலாம். ஆனால் பஸ்ஸின் நேரமும் ரயிலின் நேரமும் ஒன்றையொன்று அறியாதவை. ரயில் ஒரு திணைக்களத்தின் கீழ் ஓடுகிறது. இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்ஸுக்குத் தனி நிர்வாகம். மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸுக்கு அனுமதி கொடுப்பது மாகாண அதிகாரசபை. ஒரே பாதையில் எதிரெதிரே வரும் ரயில்கள் ஒன்றுக்காக ஒன்று நிலையத்தில் காத்துக் கிடந்து விலகுவதால், ஒரு ரயில் 15 நிமிடம் பிந்தினால் இன்னொன்றும் பிந்தும். பஸ்ஸுக்கோ தன் பின்னால் வரும் அடுத்த பஸ்ஸின் நேரம் இருக்கிறது. காத்து நின்றால் இரண்டு நடத்துனர்களுக்கும் இடையே சண்டை. கடந்த ஆடி மாதத்தில் ஒரு மாலை, ரயில் 25 நிமிடம் பிந்தி வந்தபோது கடைசி பஸ்ஸின் பின்விளக்கு கீழ் வளைவில் திரும்புவதைக் கண்ணால் பார்த்தபடி நாங்கள் 11 பேர் மேடையில் நின்றோம். இரண்டு முச்சக்கர வண்டிகளில் நெருக்கிக்கொண்டு போனோம். அன்று தலைக்கு ஆன செலவு பஸ் கட்டணத்தின் பல மடங்கு.

அதற்குப் பிறகு நடந்த மாற்றத்துக்கு எந்தத் திணைக்களமும் பொறுப்பன்று. சீசன்காரர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி அதில் பஸ் நடத்துனரைச் சேர்த்தோம். முன் நிலையத்தைத் தாண்டியதும் ரயிலில் இருப்பவர் ஒருவர் "சுரங்கம் தாண்டியாச்சு" என்று ஒரு வரி போடுவார். தாமதம் 10 நிமிடத்துக்குள் என்றால் பஸ் நிற்கும், மேலே போனால் நிற்காது என்று பேச்சு. நடத்துனர் தம்பி சொன்ன சொல் தவறுவதில்லை. ஆனாலும் ஓர் ஊரின் பஸ் இணைப்பு ஒரு தம்பியின் நல்ல மனதிலும் ஒரு தொலைபேசியின் பற்றரியிலும் தங்கியிருப்பதைச் சேவை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நிலையப் பெயர்ப்பலகை கடல் மட்டத்திலிருந்து எங்கள் உயரத்தை மூன்று மொழியிலும் சொல்கிறது. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்பதை ஒரு மொழியிலும் சொல்வதில்லை.

அட்டனில் இந்தத் தொல்லை குறைவு; நிலையமும் பஸ் நிலையமும் நகரத்துக்குள்ளேயே நடந்துபோகும் தூரத்தில் இருப்பதால் ஒன்றைத் தவறவிட்டவர் இன்னொன்றைப் பிடிக்கலாம். கண்டியிலும் ரயிலை விட்டு இறங்கியவருக்கு பஸ் பக்கத்திலேயே கிடைக்கும். எங்களைப் போல் தவிப்பது நானுஓயாவில் இறங்குபவர்தான், ஏனென்றால் நுவரெலியா நகரம் அங்கிருந்து சுமார் 8 கிலோமீற்றர். அங்கே ஒரு காலத்தில் இறங்கியவர் மேடையைக் கடந்து இன்னொரு சின்ன ரயிலில் ஏறலாம். 1900களின் தொடக்கத்தில் நுவரெலியா வழியாக இராகலை வரை போட்ட குறுகிய பாதை அது, 1940களில் மூடப்பட்டுவிட்டது. ரயிலுக்கு ரயில் காத்திருப்பது ஒரே நிர்வாகத்தின் கீழ் இயல்பாக நடந்த காரியம். இன்று பஸ்ஸை ரயிலுக்காகக் காத்திருக்கச் செய்வதற்குக் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

சைக்கிளைப் பற்றி அதிகம் எழுத எதுவுமில்லை. 12 சைக்கிள் நிறுத்தும் இரும்புச் சட்டத்தைக் கூரையில்லாத வெட்டவெளியில் வைத்திருக்கிறார்கள். தாழ்நிலத்து ஊர்களில், நிலையத்துக்கு அருகே வீட்டு முற்றத்தில் சைக்கிளைக் காத்துக்கொடுப்பதையே தொழிலாகச் செய்கிறவர்கள் உண்டு. அந்த ஊர் வரைபடத்தைப் பார்த்து யாரோ இங்கேயும் ஒன்று வைத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். 8க்கு 1 ஏற்றத்தில் சைக்கிளை மிதிப்பவரை நான் கண்டதில்லை, தள்ளுபவரைத்தான் கண்டிருக்கிறேன். சட்டத்தில் நிரந்தரமாக நிற்பவை இரண்டு: தபால்காரரின் சிவப்புச் சைக்கிளும், சங்கிலி இல்லாத இன்னொன்றும். மீதி இடத்தில் கடைக்கார அக்கா துணி காயப் போடுகிறார். இருந்தாலும் இதை வீண் என்று முற்றாகத் தள்ளமாட்டேன். மதகுக்கு அப்பால் அந்தச் சமாந்தரப் பாதை நீளுமானால், லயத்திலிருந்து நிலையம் வரை கிட்டத்தட்ட ஒரு கிலோமீற்றர், மலைநாட்டில் கிடைக்காத சமதரையாக அமையும். அதில் பத்து வயதுப் பிள்ளையும் சைக்கிள் ஓட்டும். பிள்ளைகள் இப்போதே அந்த 400 மீற்றரில் மாலை நேரத்தில் ஒரு பழைய சைக்கிளை முறை வைத்து ஓட்டிப் பழகுகிறார்கள். மதகு வந்ததும் திருப்பிக்கொண்டு வருகிறார்கள்.

புள்ளி போட வேண்டுமென்றால், லயத்துப் பக்க நடைபாதைக்கு ஐந்துக்கு மூன்றரை. அது மதகைத் தாண்டும் நாளில் தயங்காமல் ஐந்து. படிக்கட்டுக்கு ஒன்றரை, அதில் அரைப் புள்ளி கைப்பிடிக்கு. சாய்தளத்துக்குப் புள்ளி இல்லை. பஸ் திரும்பும் இடத்துக்கு நான்கு, பஸ் நேரத்துக்கு ஒன்று. நடத்துனர் தம்பிக்குப் புள்ளி போடும் தகுதி எனக்கில்லை.

இந்த நிலையத்துக்கு முதல் தடவையாக வருபவர், மழைக்காலமென்றால் கீழ்ப் படிக்கட்டை விட்டுவிட்டு பஸ்ஸிலேயே மேலே வருவது நல்லது. படியில்தான் வர வேண்டுமென்றால் வாழைக் கன்றுக்கு வலது பக்கமாக ஏறவும். செருப்பை மாட்டப் பெட்டிக்கடையின் பின்னால் ஆணி எப்போதும் காலியாக இருக்கும். மேல் வரிசையில் கடைசி ஆணி என்னுடையது, அதை மட்டும் விட்டுவிடுங்கள்.